சபை மாறும்போது பங்கு விலைக்கு என்ன நேர்கிறது: யாழ்ப்பாணத்துச் சிறு முதலீட்டாளன் ஒருவனின் அவதானிப்புகள்

கொழும்பு பங்குச் சந்தை தன் நிறுவனங்களைச் சபைகள் என்ற பிரிவுகளாக வைத்திருக்கிறது. அங்கே ஒரு நிறுவனம், நிபந்தனைகள் இலகுவான திரி சவி சபையிலிருந்து பிரதான சபைக்கு மாறுகிறது என்ற அறிவித்தல் வந்தால் அதன் பங்கு விலை ஏறியே தீரும் என்று நம்புகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் கணிசமாக இருக்கிறார்கள். பிரதான சபையிலிருந்து கீழே இறங்கிய நிறுவனமோ, விதிக் குறைபாடுள்ளவற்றுக்கான கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்ட நிறுவனமோ இனி எழும்பாது என்று கருதி, வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவர்களுக்குக் கணக்கீடு கற்பித்துக்கொண்டே போர் முடிந்த பின்னரான ஆண்டுகளில் இந்தச் சந்தைக்குள் நுழைந்த எனக்கு, ஒரு நிறுவனம் எந்தச் சபையில் இருக்கிறது, ஏன் மாறுகிறது, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதன் பங்குக்கு என்ன நடந்தது என்று தனிக் கொப்பியில் குறித்து வைக்கும் பழக்கம் இருக்கிறது. சபையின் பெயர் தன்னளவில் விலையை நகர்த்துவதில்லை என்பதே அந்தக் குறிப்புகளிலிருந்து எனக்குக் கிடைத்த முடிவு. அந்த மாற்றத்தால் யார் வாங்கவேண்டிய நிலைக்கு வருகிறார், யார் விற்கவேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார், உண்மையில் கைமாறக்கூடிய பங்குகள் எத்தனை என்ற மூன்று கேள்விகளுக்கான விடைதான் விலையாக வெளிப்படுகிறது.

எங்கள் ஊரில் சேமிப்பு என்றால் முதலில் காணி, அடுத்தது நகை, அதற்கும் அடுத்தது நிலையான வைப்பு. பங்குச் சந்தையைப் பெரும்பாலானோர் திரும்பிப் பார்த்தது 2009 இன் பின்னர்தான். கொழும்புச் சந்தையின் பொதுவான விலைப் போக்கைக் காட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி 2009 இல் 125 வீதமும் 2010 இல் மேலும் 96 வீதமும் உயர்ந்த காலம் அது. அந்த ஏற்றத்தில் எல்லாப் பங்கும் ஏறியதால், ஒரு பங்கு எந்தச் சபையில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டது பின்னர்தான். ஏற்றம் நின்றபோதுதான், விற்க முடிந்த பங்குக்கும் விற்க முடியாமல் கையில் தங்கிய பங்குக்கும் உள்ள வேறுபாடு பலருக்கு உறைத்தது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரதான சபையில் புதிதாக இடம்பெற விரும்பும் நிறுவனத்துக்குக் குறைந்தது 500 மில்லியன் ரூபா கூறப்பட்ட மூலதனமும் (பங்குகளை வழங்கிப் பெற்ற பணம்), தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வரிக்குப் பிந்திய இலாபமும், நேர்க்கணிய தேறிய சொத்துகளும் (கடன்களைக் கழித்த பின்னரும் மிஞ்சும் சொத்து) இருக்கவேண்டும். திரி சவி சபைக்கு 100 மில்லியன் ரூபா மூலதனம் போதும். மூன்றாண்டு இலாபம் கட்டாயமில்லை. சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கென எம்பவர் சபை பின்னர் உருவாக்கப்பட்டது. இவற்றுக்கு அப்பால், நிதிக் கூற்றுகளை உரிய காலத்தில் சமர்ப்பிக்காதவை, நிறுவனம் தொடர்ந்தியங்குமா என்பது பற்றிக் கணக்காய்வாளர் கவனத்தை ஈர்த்தவை, பொதுமக்கள் வசமிருக்கவேண்டிய பங்கு வீதத்தைப் பேணாதவை போன்ற நிறுவனங்களுக்காகக் கண்காணிப்புப் பட்டியலும் இரண்டாம் சபையும் இருக்கின்றன. விதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டு வந்திருப்பதால், ஒரு நிறுவனம் அங்கே ஏன் போயிருக்கிறது என்பதை ஒவ்வொரு தடவையும் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் வெளியாகும் அறிவித்தலிலேயே வாசித்துத் தெரிந்துகொள்வதுதான் சரி.

மேலே போகும் மாற்றத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான் வைத்திருந்த ஒரு நிதி நிறுவனத்தின் பங்கு திரி சவியிலிருந்து பிரதான சபைக்கு மாறியது. அறிவித்தல் வந்த வாரத்தில் விலை சற்று ஏறியது. வழமையைவிடப் பல மடங்கு பங்குகள் கைமாறின. மாற்றம் நடைமுறைக்கு வந்த நாளில் குறிப்பிடத்தக்க எதுவும் நடக்கவில்லை. அதற்கடுத்த மாதங்களில் விலை மெல்லத் தளர்ந்து, ஏறத்தாழ அறிவித்தலுக்கு முந்திய இடத்துக்கே திரும்பியது. ஆனால் என் குறிப்புகளைப் பின்னோக்கிப் புரட்டியபோது, அறிவித்தலுக்கு முந்திய ஒன்றரை ஆண்டில் அந்தப் பங்கு நிதானமாகவும் கணிசமாகவும் ஏறியிருந்தது தெரிந்தது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மூன்று ஆண்டுகள் இலாபம் காட்டிய பின்னர்தான் ஒரு நிறுவனம் பிரதான சபைக்கு விண்ணப்பிக்கவே முடியும். அந்த இலாபங்கள் காலாண்டுக்கு ஒருமுறை இடைக்கால நிதிக் கூற்றுகளாக வெளிவந்து விலையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டன. இலாபத்தின் பலனைச் சபை மாற்றத்தின் கணக்கில் எழுதும்போதுதான், மேலே போனால் விலை ஏறும் என்ற விதி உருவாகிறது.

என்னிடம் படித்துவிட்டு இப்போது சுன்னாகத்தில் வியாபாரம் செய்யும் ஒருவர், "மாஸ்ரர், அந்தக் கொம்பனி மெயின் போர்ட்டுக்குப் போகுதாம், இப்ப வாங்கி வைச்சா நல்லதுதானே?" என்று அந்த வாரத்தில் கேட்டார். "தம்பி, உமக்கும் எனக்கும் தெரிய முதல் தெரியவேண்டிய ஆக்களுக்கு அது தெரிஞ்சிட்டுது, விலையைப் போய்ப் பாரும்" என்றேன். அவர் வாங்கினார், பெரிய நட்டமும் இல்லை, பெரிய இலாபமும் இல்லை. அந்த இடைப்பட்ட காலத்தில் நிலையான வைப்பு வட்டி எவ்வளவு வந்திருக்கும் என்று மட்டும் பின்னர் என்னிடம் கணக்குப் பார்க்கச் சொன்னார்.

மேலே போகும் மாற்றத்தில் உண்மையான நன்மை எதுவுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1980களில் நியூயோர்க் பங்குச் சந்தைக்கு மாறிய அமெரிக்க நிறுவனங்களைப் பற்றி 1994 இல் வெளியான ஆய்வொன்று, மாற்ற அறிவித்தலையொட்டிச் சந்தையின் பொதுப் போக்குக்கு மேலதிகமாக 5 முதல் 6 வீதம் வரையான உயர்வைக் கண்டது. பங்குதாரர்களின் எண்ணிக்கை கூடியதும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான வித்தியாசம் குறுகியதும் அதற்கான காரணங்களாகச் சொல்லப்பட்டன. மாற்றத்தின் பின்னர் அதே வகைப் பங்குகள் பின்தங்கியதை வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீர்வேலி வாழைக்குலையை ஊர்ச் சந்தியில் விற்காமல் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோனால் கூடுதல் விலை கிடைப்பது, அங்கே வாங்குகிறவர்கள் அதிகம் நிற்பதால்தான், குலை மாறுவதில்லை. ஆகவே, பிரதான சபைக்கு வந்த பின்னர் எங்கள் பங்குக்குப் புதிதாக யார் வாங்க வந்து நிற்கிறார் என்று பார்க்கவேண்டும்.

இந்த இடத்தில் கொழும்பும் பிற சந்தைகளும் வேறுபடுகின்றன. டோக்கியோ பங்குச் சந்தையில் 2022 ஏப்ரல் 4 ஆம் திகதிக்கு முன்னர் முதலாம் பிரிவு, இரண்டாம் பிரிவு, மதர்ஸ், ஜாஸ்டாக் என்ற பகுப்புகள் இருந்தன. முதலாம் பிரிவிலுள்ள எல்லா உள்நாட்டு நிறுவனங்களும் டொபிக்ஸ் சுட்டியில் இடம்பெற்றன. ஆகவே கீழ்ப் பிரிவிலிருந்து ஒரு நிறுவனம் முதலாம் பிரிவுக்கு ஏறினால், அடுத்த மாத இறுதியில் அது சுட்டிக்குள் வரும் என்பதும், அந்தச் சுட்டியைப் பின்பற்றும் நிதியங்கள் விலை எதுவானாலும் அதை வாங்கியே ஆகவேண்டும் என்பதும் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தன. அங்கே விலையைத் தூக்கியது பிரிவின் மதிப்பைவிட, அந்தக் கட்டாயக் கொள்வனவுதான். 2022 இல் பிரைம், ஸ்டாண்டர்ட், குரோத் என்று மூன்றாகச் சந்தை திருத்தியமைக்கப்பட்டபோது, சுட்டியின் உறுப்புரிமை பிரிவிலிருந்து பிரிக்கப்பட்டது. ஸ்டாண்டர்ட் பிரிவைத் தெரிவுசெய்த பழைய முதலாம் பிரிவு நிறுவனங்களும் டொபிக்ஸில் தொடர்ந்தன. அதன் பின்னர் பிரைமிலிருந்து தாமாகவே ஸ்டாண்டர்டுக்கு இறங்க முன்வந்த நிறுவனங்கள் பல. தென்கொரியாவில் செல்ட்ரியன் என்ற உயிரியல் மருந்து நிறுவனம் 2018 பெப்ரவரியில் கொஸ்டாக் என்ற இளைய சந்தையிலிருந்து கொஸ்பி என்ற பிரதான சந்தைக்கு மாறியதற்கும், கொஸ்பி 200 சுட்டிக்குள் நுழைந்தால் நிறுவன முதலீட்டாளரின் பணம் வரும் என்று அதன் பங்குதாரர்கள் எதிர்பார்த்ததே முக்கிய தூண்டுதல்.

கொழும்பில் இந்தப் பொறிமுறை மிகப் பலவீனமானது. அனைத்துப் பங்கு விலைச் சுட்டியில் திரி சவி நிறுவனங்களும் அடங்குகின்றன. 2012 இல் அறிமுகமான எஸ் அன்ட் பி எஸ்எல்20 சுட்டியோ பங்குகளின் சந்தைப் பெறுமதி, வியாபார அளவு, இலாபம் ஆகியவற்றைப் பார்த்து 20 நிறுவனங்களை மட்டும் எடுக்கிறது. திரி சவியிலிருந்து ஏறிவரும் ஒரு நடுத்தர நிறுவனம் அந்த வட்டத்துக்குள் உடனே வரப்போவதில்லை. சுட்டியைப் பின்பற்றி வாங்கும் பணமும் இங்கே சொற்பம். ஆகவே டோக்கியோவைப் பற்றியோ மும்பையைப் பற்றியோ காணொளியில் கேட்டதை அப்படியே கொழும்புக்குப் பொருத்த முடியாது. குறிப்பாக, தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வரும் எங்கள் இளைஞர்கள், இந்தியாவில் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான எஸ்எம்இ தளத்திலிருந்து பிரதான தளத்துக்கு மாறும் பங்குகள் பாய்வதைச் சொல்லி, திரி சவியும் அப்படித்தான் என்கிறார்கள். 2012 இல் தொடங்கிய அந்தத் தளங்களில் பங்குகளை ஒன்றிரண்டாக வாங்க முடியாது. இலட்ச ரூபாக் கணக்கில் பெறுமதியுள்ள தொகுதிகளாகவே வாங்கவேண்டும். பிரதான தளத்துக்கு மாறும்போது அந்தக் கட்டுப்பாடு நீங்கி, ஒரு பங்கு வாங்க வசதியுள்ளவரும் உள்ளே வருகிறார். திரி சவி சபையில் அப்படியொரு கட்டுப்பாடு முதலிலேயே இல்லாததால், நீங்குவதற்கும் ஒன்றுமில்லை.

புதிய கொள்வனவாளர்கள் வராவிட்டாலும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான இடைவெளி குறுகினால் அது சிறு முதலீட்டாளருக்கு நன்மைதான். அதன் பருமனைப் பலர் கணக்கிடுவதில்லை. வியாபாரம் மெலிந்த ஒரு பங்குக்கு 41.00 ரூபாவுக்கு வாங்குவோரும் 43.50 ரூபாவுக்கு விற்போரும் திரையில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தரகும் ஏனைய கட்டணங்களும் சேர்த்து ஒவ்வொரு பக்கமும் 1.12 வீதம். 43.50 க்கு வாங்கியவருக்கு அடக்கவிலை ஏறத்தாழ 43.99 ரூபா, மனம் மாறி உடனே 41.00 க்கு விற்றால் கைக்கு வருவது 40.54 ரூபா. நிறுவனத்தில் எதுவும் மாறாமலே கிட்டத்தட்ட 8 வீதம் போய்விட்டது. சபை மாற்றச் செய்தியை நம்பி வாங்கி 5 வீத ஏற்றத்தை எதிர்பார்க்கிறவர், இந்த 8 வீதத்தை முதலில் மனதில் நிறுத்தவேண்டும். பங்கு சபை மாறிய பின்னர் இந்த இடைவெளி உண்மையில் குறுகுகிறதா என்பதை நான் விலையைவிடக் கவனமாகப் பார்க்கிறேன். சிலவற்றில் குறுகியது, பலவற்றில் சில வாரங்கள் குறுகியிருந்து மீண்டும் அகன்றது. தாய் நிறுவனத்தின் கையில் பெரும்பங்கு இருக்கும் வரை எந்தச் சபையில் இருந்தாலும் அது அகன்றேதான் இருக்கும் என்பது என் அனுபவம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பிரதான சபைக்கான 500 மில்லியன் ரூபா மூலதனத்தை எட்டுவதற்காகச் சில நிறுவனங்கள் உரிமை வழங்கல் செய்கின்றன, அதாவது இருக்கும் பங்குதாரருக்கே புதிய பங்குகளைக் குறைந்த விலைக்குக் கொடுக்கின்றன. 35 ரூபா விலையுள்ள பங்குக்கு, இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் 20 ரூபாவுக்கு உரிமை வழங்கினால், கோட்பாட்டு விலை 30 ரூபாவாகிறது. திரையில் 35 இருந்த இடத்தில் 30 தெரிவதைப் பார்த்துச் சபை மாற்றம் விலையை விழுத்திவிட்டது என்று சொல்பவர், உயர்தரக் கணக்கீட்டில் தானே செய்து புள்ளி வாங்கிய கணக்கை மறந்துவிட்டார். ஆனால் உரிமையை எடுக்கப் பணமில்லாமலும் அதைச் சந்தையில் விற்காமலும் விடுகிறவருக்கு அந்த நட்டம் உண்மையானதே. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளின் பெயரில் கணக்கு வைத்துக் கடிதங்களைத் திறக்காமல் அடுக்கி வைக்கும் வீடுகளில் இது நடப்பதைக் கண்டிருக்கிறேன்.

கீழே இறங்கும் மாற்றம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஏனெனில் அதில் ஒரு நல்ல நிறுவனம் எதையுமே செய்யாமல் சிக்கிக்கொள்ள முடியும். பிரதான சபையில் தொடர்ந்திருப்பதற்குப் பொதுமக்கள் வசம் இருக்கவேண்டிய குறைந்தபட்சப் பங்கு வீதம், பொதுமக்கள் வசமுள்ள பங்குகளின் சந்தைப் பெறுமதியைப் பொறுத்து மாறுகிறது. அந்தப் பெறுமதி 10 பில்லியன் ரூபாவுக்கு மேலிருந்தால் வீதக் கட்டுப்பாடே இல்லை, 7.5 பில்லியனில் 5 வீதம்; 5 பில்லியனில் 7.5 வீதம், 2.5 பில்லியனில் 10 வீதம். அதற்குக் குறைந்தால் 20 வீதம். இவற்றுடன் 500 பொதுப் பங்குதாரர்களும் வேண்டும். திரி சவி சபையில் அந்தப் பெறுமதி 1 பில்லியன் ரூபாவாக இருந்தால் 7.5 வீதம், குறைந்தால் 10 வீதம். பங்குதாரர்கள் 200 பேர் போதும். தாய் நிறுவனம், பணிப்பாளர்கள், அவர்களது நெருங்கிய குடும்பத்தினர் போன்றோரின் பங்குகள் பொதுமக்கள் பங்காகக் கணக்கிடப்படுவதில்லை.

இப்போது ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 200 மில்லியன் பங்குகள்; விலை 110 ரூபா; பொதுமக்கள் வசம் 12 வீதம். மொத்தச் சந்தைப் பெறுமதி 22 பில்லியன். பொதுமக்கள் பங்கின் பெறுமதி 2.64 பில்லியன். 10 வீதம் போதும் என்ற படியில் அது வசதியாக நிற்கிறது. நாட்டு நிலைமையால் சந்தை முழுவதும் விழுந்து விலை 90 ரூபாவாகிறது. பொதுமக்கள் பங்கின் பெறுமதி 2.16 பில்லியனாகக் குறைகிறது. உடனே 20 வீதம் வேண்டும் என்ற படிக்குள் அது தள்ளப்படுகிறது. நிறுவனத்தின் விற்பனை குறையவில்லை, இலாபம் குறையவில்லை, பெரும் பங்குதாரர் ஒரு பங்கையேனும் வாங்கவுமில்லை. 2022 ஜனவரியில் 13,000 ஐத் தாண்டியிருந்த அனைத்துப் பங்கு விலைச் சுட்டி, நாடு கடன் தவணை தவறி, ஏப்ரல் 18 முதல் 22 வரை சந்தையே மூடப்பட்டுத் திறந்த பின்னர், அந்த மாத இறுதியில் 8,000 க்குக் கீழே நின்றதை நினைத்துப் பார்த்தால், இப்படிப் படி தவறுவது எவ்வளவு எளிது என்பது விளங்கும்.

அந்த நிறுவனத்தின் முன்னால் இருக்கும் வழிகள் சில. பெரும் பங்குதாரர் மேலும் 2 வீதத்தை, அதாவது 4 மில்லியன் பங்குகளை, பொதுமக்களுக்கு விற்று, பொதுமக்கள் பங்கின் பெறுமதியை 2.52 பில்லியனாக்கி, 10 வீதப் படிக்குத் திரும்பலாம். நாளொன்றுக்கு 20,000 பங்குகள் கைமாறும் ஒரு பங்கில் 4 மில்லியன் என்பது 200 சந்தை நாள்களின் வியாபாரம். அந்த விற்பனை தொடங்குவதற்கு முன்னரே, அது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பே விலையை அமுக்கிவிடும். வாங்க நினைப்பவர், இன்னும் மலிவாக வரும் என்று காத்திருப்பார். விலை மேலும் விழுந்தால் நிறைவேற்றவேண்டிய நிபந்தனை இன்னும் கடினமாகும். மாறாக, நிறுவனம் திரி சவி சபைக்கு மாற விண்ணப்பிக்கலாம். அங்கே பெறுமதி 1 பில்லியனுக்கு மேல் இருப்பதால் 7.5 வீதம் போதும். கையிலுள்ள 12 வீதம் தாராளமாகப் போதுமானது. ஒரு பங்கைக்கூட விற்கவேண்டிய அவசியமில்லை.

இப்படிப் பிரதான சபையிலிருந்து திரி சவிக்கு இறங்கிய ஒரு பழைய நிறுவனத்தின் பங்கை நான் வைத்திருந்தேன். அறிவித்தலைக் கண்டதும் எங்கள் பகுதியில் அதை வைத்திருந்த வேறு சிலர் பதறி விற்றார்கள். நிறுவனம் படுத்துவிட்டது என்பது அவர்களது எண்ணம். நான் ஆண்டறிக்கையை எடுத்துப் பங்குடைமைப் பக்கத்தைப் பார்த்தேன். பொதுமக்கள் பங்கு 20 வீதத்துக்குக் குறைவு, திரி சவிக்கான அளவைவிட அதிகம். இலாபமும் பங்கிலாபமும் வழமைபோல். காரணம் அங்கேயே இருந்தது. விலை சில வாரங்கள் தளர்ந்து, அடுத்த பங்கிலாப அறிவித்தலோடு பழைய இடத்துக்கு வந்தது. உண்மையில் அந்தச் சபை இறக்கம் ஒரு பெரிய விற்பனை அச்சத்தை நீக்கிவிட்டிருந்தது. இதைவிட எனக்குப் பயம் தருவது, நிபந்தனையை நிறைவேற்றவும் முடியாமல், சபை மாறவும் விண்ணப்பிக்காமல், காலக்கெடுக்களை நீடிக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் நிறுவனந்தான். அத்தகைய நிறுவனத்தில் கீழிறக்கம் எப்போது வரும் என்றும் தெரியாது, பங்கு விற்பனை எப்போது வரும் என்றும் தெரியாது. விலை அந்த நிச்சயமின்மையைச் சுமந்துகொண்டே இருக்கும்.

இதற்கான தகவலைத் தேடி யாரிடமும் போகவேண்டியதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் காலாண்டு நிதிக் கூற்றுகளின் இறுதிப் பக்கங்களில் பொதுமக்கள் பங்கு வீதத்தையும், பொதுப் பங்குதாரர் எண்ணிக்கையையும், அந்தப் பங்குகளின் சந்தைப் பெறுமதியையும், தான் எந்தத் தெரிவின் கீழ் நிபந்தனையை நிறைவேற்றுகிறது என்பதையும் குறிப்பிடவேண்டும். நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். இலாபநட்டக் கூற்று பிறகு. வீதம் படியின் விளிம்பில் இருந்தால், உதாரணமாக 10 வீதப் படியில் 10.4 என்று நின்றால், அல்லது பெறுமதி 2.5 பில்லியனுக்குச் சற்றே மேலிருந்தால், அந்தப் பங்கில் அடுத்த ஆண்டுக்குள் சபை மாற்றமோ பங்கு விற்பனையோ வரக்கூடும் என்று என் கொப்பியில் ஒரு குறி இடுகிறேன். சந்தை எல்லோருக்கும் சொல்லும் முன் இதை அறிந்துகொள்ளச் சட்டபூர்வமான ஒரே வழி, வெளியிடப்பட்டிருப்பதை மற்றவர்களைவிடக் கவனமாக வாசிப்பதுதான்.

கண்காணிப்புப் பட்டியல், இரண்டாம் சபை ஆகியவற்றுக்கு இந்த நிதானம் பொருந்தாது. அங்கேயும் காரணங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்றாலும், பிரித்த பின்னரும் சில காரணங்கள் கனமானவை. பொதுமக்கள் பங்கு வீதம் குறைந்ததால் போன நிறுவனம் மேலே சொன்ன வகையைச் சேர்ந்தது. நிதிக் கூற்றுகள் பிந்தியதால் போன நிறுவனத்தில், பிந்தியதற்குக் காரணம் என்ன என்பதே கேள்வி: கணக்காய்வாளர் மாறியதா, துணை நிறுவனத்தின் கணக்கு வரவில்லையா, அல்லது கணக்காய்வாளருடன் உடன்பாடின்மையா? தொடர்ந்தியங்கும் தன்மை பற்றிக் கணக்காய்வாளர் எழுதியதால் போன நிறுவனத்தில், பட்டியலில் சேர்க்கப்பட்ட நாளில் விலை விழாவிட்டால் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அந்தச் செய்தி கணக்காய்வாளர் அறிக்கை வெளிவந்த நாளிலேயே, பெரும்பாலும் அதற்கு முந்திய நட்டக் காலாண்டுகளிலேயே, விலையில் ஏறிவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர், கண்காணிப்புப் பட்டியலுக்குப் போன பங்கொன்றைத் தரகரிடம் பெற்ற கடனுக்கான பிணையின் ஒரு பகுதியாக வைத்திருந்தார். பட்டியலில் சேர்ந்ததும் அந்தத் தரகு நிறுவனம் அதைப் பிணையாகக் கணக்கிடுவதை நிறுத்திவிட்டது. விலை அதிகம் விழாதிருந்தும், கடனைச் சமப்படுத்துவதற்காக அவர் தன்னிடமிருந்த நல்ல வங்கிப் பங்குகளை விற்கவேண்டி வந்தது. சபை மாற்றத்தின் பாதிப்பு அந்தப் பங்கின் விலையில் மட்டுமே தெரியும் என்று எதிர்பார்க்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கடனுக்குப் பங்கு வாங்குகிறவர்கள், தம்மிடமுள்ள எந்தப் பங்கு சபை மாறினால் பிணைப் பெறுமதி இல்லாமற்போகும் என்பதைத் தரகரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும். அத்துடன், குறைபாடு தொடர்ந்தால் வியாபாரம் இடைநிறுத்தப்படலாம். அப்போது எந்த விலைக்கும் விற்க முடியாது. பிள்ளையின் கல்யாணத்துக்கோ வெளிநாட்டுப் படிப்புக்கோ ஒதுக்கிய பணத்தை அந்தப் பட்டியலிலுள்ள பங்கில் நிறுத்தி வைப்பதற்கு மலிவு விலை ஒரு காரணமாகாது.

மறுபுறத்தில், கண்காணிப்புப் பட்டியலிலிருந்து வெளியே வரும் பங்குகளில்தான் நான் உண்மையான விலை உயர்வுகளைக் கண்டிருக்கிறேன். தாமதித்த நிதிக் கூற்றுகளைச் சமர்ப்பித்து, கணக்காய்வாளர் குறை எதுவும் எழுதாமல் வெளியேறிய ஒரு சிறிய உற்பத்தி நிறுவனத்தில், வாங்க மறுத்து ஒதுங்கியிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். தரகர்கள் மீண்டும் பிணையாக ஏற்றார்கள். கட்டாயத்தால் போன வாங்குவோர் கட்டாயம் நீங்கியதும் திரும்புகிறார்கள். திரி சவியிலிருந்து பிரதான சபைக்கு ஏறும்போது இப்படித் திரும்பி வருவோர் யாரும் இல்லை என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. ஆனாலும் இந்த வகைப் பங்கில் நான் போடும் பணம், போனால் வீட்டில் யாரும் கேள்வி கேட்காத அளவுதான்.

இறுதியாக, சந்தையை விட்டே வெளியேறும் மாற்றம். 2024 இன் தொடக்கத்தில் எக்ஸ்போலங்கா ஹோல்டிங்ஸ் நிறுவனம் பங்குச் சந்தைப் பட்டியலிலிருந்து விலகும் முடிவை அறிவித்தபோது, அதன் ஜப்பானியப் பெரும் பங்குதாரர் ஏனையோரின் பங்குகளை 185 ரூபாவுக்கு வாங்க முன்வந்தார். அப்படியொரு விலை அறிவிக்கப்பட்டதும் சந்தை விலை அதை நோக்கி நகர்ந்து அதன் அருகே நிற்கும். அதற்கு மேல் ஏற எவருக்கும் காரணமில்லை. 2022 இன் உச்சத்தில் அதைவிட மிக உயர்ந்த விலைக்கு வாங்கியவர்களுக்கு, விலை ஒருநாள் திரும்பும் என்று காத்திருக்கும் தெரிவே அதோடு முடிந்துவிட்டது. பெரும் பங்குதாரர் ஒருவரின் கையில் 80 வீதத்துக்கு மேல் குவிந்து, பொதுமக்கள் பங்கு வீதத்தை நிறைவேற்றுவதில் ஆர்வம் காட்டாத நிறுவனங்களில், அடுத்த படி கீழ்ச் சபையா, வெளியேற்றமா என்பதை நான் சேர்த்தே யோசிக்கிறேன்.

வெளியேற்றம் வரும்போது எங்கள் பகுதியில் ஒரு சிக்கல் எழுகிறது. பங்குகளைக் கடதாசியில்லாமல் கணக்கில் வைத்திருக்கும் மத்திய வைப்புத் திட்டம் தொடங்கிய 1991 க்கு முன்னர் கொழும்பில் வேலைபார்த்த எத்தனையோ யாழ்ப்பாணத்தவர்கள் அக்காலத்துக் கடதாசிப் பங்குச் சான்றிதழ்களை வைத்திருந்தார்கள். இடப்பெயர்வுகளில் சில தொலைந்தன. சில டிரங்குப் பெட்டிகளில் இன்னும் இருக்கின்றன. அந்தப் பங்குகளை மத்திய வைப்புத் திட்டக் கணக்கில் வைப்பிலிடாமல் சந்தையில் விற்க முடியாது. நிறுவனத்தின் கடிதங்களோ 1980களின் கொழும்பு முகவரிக்கே போகின்றன. நிறுவனம் சந்தைப் பட்டியலில் இருக்கும்போதே அதன் பங்குப் பதிவாளருக்கு எழுதி, முகவரியை மாற்றி, தொலைந்த சான்றிதழுக்குப் பதிலாகப் பிரதி கேட்டு, இறந்தவரின் பெயரில் இருந்தால் இறப்புச் சான்றிதழுடனும் நீதிமன்ற ஆவணங்களுடனும் உரித்தாளரின் பெயருக்கு மாற்றிவிடுவது நல்லது. இதற்குப் பல மாதங்கள் எடுக்கும். கொள்வனவு முன்மொழிவு ஒன்று அறிவிக்கப்பட்ட பின்னர் தொடங்கினால், அது முடிவதற்குள் முன்மொழிவின் காலம் கடந்துவிடக்கூடும்.